கிராமத்துக்குக் கணக்கு எழுதியவர்

1929-ம் ஆண்டு மே மாதம். குஜராத்தில் உள்ள சபர்மதி ஆசிரமம்.

ஒரு தமிழர் அங்கே வந்து இறங்கினார். மேனாட்டு உடை அணிந்திருந்தார். அவர் லண்டனில் கணக்குத் துறை படித்தவர். அமெரிக்காவில் பொருளாதாரம் பயின்றவர். பம்பாயில் ஆடிட்டர் தொழில் நடத்தியவர்.

காந்தியடிகளைப் பார்க்க அவருக்கு நேரம் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. சுற்றிப் பார்க்கலாம் என்று நடந்தார். ஒரு மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில், ஒரு கிழவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். நம்மவர் அங்கே நின்று வேடிக்கை பார்த்தார்.

அந்தக் கிழவர்தான் காந்தியடிகள் என்பது பிறகுதான் தெரிந்தது. திகைத்துப் போனார். உடை கசங்குமே என்று பார்க்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர்தான் ஜே.சி.குமரப்பா.

தஞ்சையில் பிறந்தவர்

குமரப்பா 1892-ம் ஆண்டு ஜனவரி 4-ந்தேதி தஞ்சாவூரில் பிறந்தார். கிறிஸ்தவக் குடும்பம். முதலில் அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். பிறகு குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதைச் சேர்த்துக்கொண்டார்.

அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது, இந்தியா ஏன் ஏழையாயிற்று என்று ஆராய்ந்தார். வெள்ளையர் ஆட்சி வரி வாங்கிய முறையும், அதைச் செலவு செய்த முறையுமே காரணம் என்று கண்டார். அந்தக் கட்டுரையைத் தான் நடத்திய "யங் இந்தியா" பத்திரிகையில் காந்தியடிகள் வெளியிட்டார்.

அடுத்து ஒரு வேலையும் கொடுத்தார். கேடா மாவட்டத்தில் மாத்தர் என்ற தாலுகா. அங்கே மாணவர்களுடன் போய் 54 கிராமங்களின் வரவு செலவை ஆராய வேண்டும். கம்பெனிகளின் கணக்கைப் பார்த்தவர், குடியானவனின் கணக்கைப் பார்க்கத் தொடங்கினார். அதன்பின் அவர் பழைய தொழிலுக்குத் திரும்பவே இல்லை.

காந்திக்கும் சலுகை இல்லை

1934-ம் ஆண்டு ஜனவரியில் பீகாரில் பெரிய பூகம்பம் ஏற்பட்டது. நாடெங்கும் இருந்து நிதி குவிந்தது. பணத்துக்குக் காவல், குமரப்பா.

தொண்டர்களின் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று கண்டிப்பாக அளவு வைத்தார். காந்தியடிகள் அங்கே வந்தார். அவருடன் வந்தவர்களின் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று குமரப்பா சொல்லிவிட்டார். காந்தியடிகள் அதை ஏற்றுக்கொண்டார். ஏழைக்கு என்று வந்த காசு ஏழைக்கே போக வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம்.

விளக்கில் ஒரு பாடம்

அதே ஆண்டு அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் பிறந்தது. குமரப்பா அதன் செயலாளர் ஆனார். வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் சங்கம் நடந்தது. காந்தியடிகளின் உறவினர் மகன்லால் காந்தியின் பெயரை அந்த இடத்துக்கு வைத்திருந்தார்கள்.

அக்காலத்தில் கிராம வீடுகளில் மண்எண்ணெய் விளக்கு எரிந்தது. மண்எண்ணெய் வெளியே இருந்து வரும். அதற்குக் கொடுத்த காசும் ஊரை விட்டுப் போய்விடும். ஊரில் கிடைக்கும் விதைகளின் எண்ணெயில் விளக்கு எரியக் கூடாதா என்று மகன்வாடியில் யோசித்தார்கள். சமையலுக்கு உதவாத தாவர எண்ணெயில் எரியும்படி ஒரு விளக்குச் செய்தார்கள். அதன் பெயர் "மகன் தீபம்".

மரச்செக்கைத் திருத்தினார்கள். கையால் காகிதம் செய்தார்கள். கைக்குத்தல் அரிசியின் பெருமையை எடுத்துச் சொன்னார்கள். ஆலையில் அரிசியை வெள்ளை வெளேர் என்று தீட்டும்போது சத்துள்ள தவிடு போய்விடுகிறது. நெல் குத்திப் பிழைத்த பெண்களின் கூலியும் போய்விடுகிறது. ஒரு பிடி அரிசியில் இரண்டு நஷ்டம்!

குமரப்பா இயந்திரங்களைக் கண்டு பயந்தவர் அல்ல. இயந்திரம் மனிதனுக்கு வேலை செய்கிறதா, மனிதன் இயந்திரத்துக்கு வேலை செய்கிறானா என்பதே அவர் கேட்ட கேள்வி.

தொட்டியும் ஆறும்

1942-ம் ஆண்டுப் போராட்டத்தின்போது குமரப்பா சிறைப்பட்டார். ஜபல்பூர் சிறையில் ஒரு நூல் எழுதினார். நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றிய நூல். 1945-ல் காந்தியடிகள் அதற்கு முன்னுரை தந்தார்.

உலகத்தில் இரண்டு வகைச் செல்வம் உண்டு என்றார் குமரப்பா. நிலக்கரியும் பெட்ரோலும் தொட்டித் தண்ணீர் போல. அள்ள அள்ளக் குறையும். காடும் பயிரும் ஆற்று நீர் போல. அளவோடு எடுத்தால் மீண்டும் வரும். குறையும் செல்வத்தை நம்பி வாழ்ந்தால் சண்டையில்தான் போய் முடியும் என்று எச்சரித்தார்.

மனிதர் பிழைக்கும் விதங்களையும் அவர் உயிர்களைக் காட்டி விளக்கினார். புலி கொன்று தின்கிறது. குரங்கு தான் வளர்க்காத பழத்தைப் பறிக்கிறது. குருவி தன் கூட்டைத் தானே கட்டுகிறது. தேனீ கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கிறது. தாய்ப்பறவை கூலி கேளாமல் குஞ்சுக்கு இரை தேடுகிறது. மனிதன் எந்தப் படியில் நிற்க வேண்டும்? தாய்ப்பறவையின் படியில் என்றார் குமரப்பா.

கல்லுப்பட்டியில் கடைசி நாட்கள்

சுதந்திரம் வந்தது. நிலச் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைவர் ஆனார். உழுபவனுக்கே நிலம் என்று அந்தக் குழு 1949-ல் அறிக்கை கொடுத்தது. ஆனால் நாடு பெரிய ஆலைகளின் வழியில் நடந்தது. நேற்று வரை கூட இருந்த நண்பர்களுடன் குமரப்பா வாதாடினார். கோபக்காரர் என்று பெயர் வாங்கினார். அவர் சொன்னது எடுபடவில்லை.

மதுரை மாவட்டத்தில் தே.கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. அங்கே வந்து எளிய வீட்டில் வாழ்ந்தார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொத்தும் சேர்க்கவில்லை.

அந்த வீட்டில் காந்தியடிகளின் படம் இருந்தது. இன்னொரு படமும் இருந்தது. அது ஓர் ஏழைக் குடியானவனின் படம். பார்க்க வந்தவர்களுக்கு, முதல் படத்தைக் குரு என்று காட்டுவார். இரண்டாவது படத்தைக் குருவுக்குக் குரு என்று காட்டுவார்.

1960-ம் ஆண்டு ஜனவரி 30-ந்தேதி குமரப்பா காலமானார். 12 ஆண்டுகளுக்கு முன்பு காந்தியடிகள் மறைந்ததும் அதே ஜனவரி 30-ந்தேதிதான்.

மண்எண்ணெய் விளக்கு இன்று நம் வீடுகளில் இருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் பெட்ரோலும் நிலக்கரியும் இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கின்றன. தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று உலகம் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. அந்தக் கணக்கைத் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் சிறையில் உட்கார்ந்து அன்றைக்கே எழுதி வைத்துவிட்டார்.