பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பன்



நம்முடைய ஊரில் சில வீடுகளுக்குப் போனால், கூடத்தில் ஒரு பிள்ளையின் படம் மாலையோடு தொங்கும். காய்ச்சலில் போனதா, விபத்தில் போனதா என்று கேட்டால் தாய் எல்லாவற்றையும் சொல்லுவாள். சொல்லிச் சொல்லி அழுது கொஞ்சம் ஆறுவாள். வேறு சில வீடுகளில் படமே இராது. யாரிடமும் சொல்லாத வேதனையால் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட பிள்ளையின் வீடு அது. அந்தத் தாய் ஞாயிறு பூசைக்கு வந்து கடைசி வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டு நிற்பாள். ஆசீர்வாதம் முடியுமுன் போய்விடுவாள். பூச்சந்தையிலும் தறி ஓடும் தெருவிலும் அவளைக் கண்டதும் பேச்சு நின்றுபோகும். இந்த வாரம் அந்த வீட்டாரை நினைத்தே எழுதுகிறோம். மற்றவர்களும் படிக்கலாம்.

சொல்லப்போவது அர்ச்சியசிஷ்டவர் ஒருவரின் சரித்திரமல்ல. பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் பாடுகிறார்களே நாட்டுப்பண், அதை இயற்றிய மகாகவி இரவீந்திரநாத தாகூரின் கதை. அவருக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். வெண்தாடியோடு கூடிய அந்தப் படத்துக்குப் பின்னால் எத்தனை பாடைகள் இருந்தன என்பது அநேகருக்குத் தெரியாது.

அவர் 1861-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி கல்கத்தாவில், ஜோராசாங்கோ மாளிகையில் பிறந்தார். அவருக்கு ஏழு வயதாயிருக்கையில், அண்ணன் ஜோதிரிந்திரநாதருக்கு மனைவியாக ஒரு சிறுமி அந்த வீட்டுக்கு வந்தாள். பெயர் காதம்பரி. இருவரும் ஏறக்குறைய ஒத்த வயது; ஒன்றாக வளர்ந்தார்கள். 1875-ல் தாய் இறந்தபின் இரவீந்திரரைக் கவனித்துக்கொண்டவளும், எழுதியதை முதலில் கேட்டவளும் அந்த அண்ணிதான். அவருக்கு 1883 டிசம்பரில் கலியாணம் ஆயிற்று. நாலு மாதம் கழித்து, 1884 ஏப்ரலில், 25 வயது நிரம்பாத காதம்பரி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள்.

பெரிய வீடு அல்லவா! செய்தி பத்திரிகையில் வராமல் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப்பின் எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் கட்டிச் சொன்னார்கள், புத்தகமாகவும் எழுதினார்கள். அவற்றை நாம் இங்கே எடுக்கப்போவதில்லை. ஒரு வீட்டில் இப்படி நடந்துவிட்டால் ஊரார் கதை கட்டுவது கல்கத்தாவிலும் ஒன்றுதான், சங்கரன்கோவிலிலும் ஒன்றுதான்.

இவ்விடத்தில் நம் திருச்சபையைப்பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1917-ம் ஆண்டுச் சட்டப்படி, மனமறிந்து தன் உயிரை மாய்த்தவர்களுக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கு மறுக்கப்பட்டது. அந்த நாளில் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! 1983-ம் ஆண்டுச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. கொடிய மனநோயும் வேதனையும் பயமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும் என்றும், அப்படி இறந்தவர்களின் நித்திய இரட்சணியத்தைப்பற்றி நம்பிக்கை இழக்கலாகாது என்றும், அவர்களுக்காகத் திருச்சபை வேண்டிக்கொள்ளுகிறது என்றும் 1992-ல் வெளியான மறைக்கல்வி நூல் போதிக்கிறது. ஆகவே பிள்ளையின் பெயருக்குப் பூசை கேட்கக் கூசவேண்டாம். துக்கம் தாங்காமல் வீட்டில் மற்றொருவர் மனமுடைந்து கிடந்தால், 14416 அல்லது 104 என்ற அரசாங்க எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம், காசு கிடையாது.

நிற்க. அண்ணியின் மரணத்துக்குப்பின் இரவீந்திரர் எப்படியிருந்தார்? வேட்டியின்மேல் ஒரு முரட்டுத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, செருப்போடு, கல்கத்தாவின் பெரிய ஆங்கிலப் புத்தகக் கடைக்குப் போவார். குளிரோ மழையோ, மேல்மாடியில் திறந்த வெளியில் படுத்துக்கொள்வார். பித்துப் பிடித்துவிட்டது என்று பார்த்தவர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் வீட்டார் மூடிய பேச்சை அவர் தம் வழியில் திறந்தார். அவளுக்குப் புத்தகங்களைக் காணிக்கையாக்கினார். 1912-ல் வெளிவந்த தம் வாழ்க்கை நினைவுகளில் ஓர் அத்தியாயத்தில் அந்தச் சாவைப்பற்றி எழுதினார். இருபத்து நாலாம் வயதில் நேர்ந்த அந்தப் பழக்கம் பிறகு வந்த ஒவ்வொரு சாவோடும் சேர்ந்து நீண்ட கண்ணீர் மாலையாயிற்று என்று அதில் ஒப்புக்கொள்ளுகிறார். 28 வருஷம் ஆகியும் ஆறவில்லை, பாருங்கள். ஆறாமலேயே மனிதர் வேலை செய்தார்.

1901 டிசம்பரில் சாந்திநிகேதனத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளை வைத்து ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அதைத் தொடங்க உடனிருந்து உழைத்தவர் நம்மவர் ஒருவர்: பிரமபாந்தவ உபாத்தியாயர் என்ற வங்காளக் கத்தோலிக்கர். பணமில்லாத பள்ளிக்கூடம் அது. தாகூரின் மனைவி மிருணாளினி தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தாள்.

ஒரு வருஷம் ஆகுமுன், 1902 நவம்பரில், அவள் இறந்தாள். ஐந்து பிள்ளைகள் தாயில்லாமல் நின்றன. நடுமகள் ரேணுகாவுக்குக் காசநோய். அவளை அல்மோரா மலைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, குழந்தைகளைப்பற்றிய பாட்டுகளை அங்கே எழுதினார். 'சிசு' என்ற நூலில் அவை இருக்கின்றன. 1903 செப்டம்பரில் ரேணுகா போனாள்.

கடைசிப் பையன் சமீந்திரன், தகப்பனைப்போலவே பாட்டும் கூத்துமாக இருப்பவன். 1907-ம் வருஷத் தொடக்கத்தில் அவனே கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, பருவகாலங்களைப்போல வேஷம் கட்டி, பள்ளிக்கூடத்தில் ஒரு விழா நடத்தினான். அதே வருஷம் விடுமுறைக்குச் சிநேகிதனோடு முங்கேருக்குப் போனவனை வாந்திபேதி கண்டது. தகப்பன் ஓடினார். பதினோரு வயதும் நிரம்பாத பையன், தாய் இறந்த அதே நவம்பர் மாதத்தில் இறந்துபோனான்.

தாகூர் திரும்பிவந்து மறுபடி ஊரார் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். சமீந்திரன் விளையாட்டாய்த் தொடங்கியதைப் பள்ளிக்கூடம் விட்டுவிடவில்லை. சாந்திநிகேதனத்தின் பேர்பெற்ற வசந்த விழா அதிலிருந்து வளர்ந்தது.

மூத்தமகள் பேலாவுக்கும் காசநோய். மருமகனோடு மனத்தாங்கல் இருந்தபடியால், அவர் வீட்டில் இல்லாத பகல் வேளையில் தாகூர் போய் மகளருகில் உட்கார்ந்திருப்பார். 1918 மே 16-ந் தேதி போனபோது, எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. மாடிப்படி ஏறாமல் வண்டியைத் திருப்பச் சொன்னார். உலகமே நோபல் கவி என்று கொண்டாடிய மனிதர்! அந்த டிசம்பரில் விசுவபாரதிக்கு அடிக்கல் நாட்டினார். அடுத்த வருஷத் தொடக்கத்தில் நம் தென்னாட்டுக்கு வந்து திருச்சி, கும்பகோணம், தஞ்சாவூர், மதுரை என்று ஊர் ஊராய்ச் சுற்றிப் பேசினார். மேடைக்குக் கீழே உட்கார்ந்து கேட்டவர்களில், இவர் மகளைக் கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகாதவர் என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

மிஞ்சியிருந்த மகள் மீரா. அவளுடைய ஒரே மகன் நீதீந்திரன் ஜெர்மனிக்குப் படிக்கப் போனவன், 1932 ஆகஸ்டில் அங்கே இறந்தான். அப்போது தாகூருக்கு 71 வயது. மகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அழாதே என்று அதட்டவில்லை. சமீந்திரன் இறந்ததற்கு மறுநாள் இரவு தாம் ரயிலில் வந்ததைச் சொன்னார். வானம் நிறைய நிலா எரிந்துகொண்டிருந்ததாம். எங்காவது ஏதாவது குறைந்திருக்கிறதா என்று பார்த்தாராம். எதுவும் குறைந்ததாய்த் தெரியவில்லையாம். எல்லாம் அந்த முழுமைக்குள்தான் இருக்கிறது, தாமும் அதற்குள் இருக்கிறோம், தமக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்று தோன்றியதாம். 25 வருஷத்துக்கு முந்திய அந்த ரயில் இரவை, பிள்ளையை இழந்த மகளுக்கு அந்தக் கிழவர் கடிதத்தில் மடித்து அனுப்பினார்.