நோயை மறைத்தார்... விஷத்தை அம்பலப்படுத்தினார்! ரேச்சல் கார்சனின் கதை

1963 ஜூன் 4. வாஷிங்டனில் அமெரிக்க செனட்டின் துணைக்குழு முன்பு பேச வந்திருந்தார் ஒரு பெண். வயது 56. இடுப்பு எலும்பில் விரிசல்கள். நாற்காலி வரைக்கும் நடந்து வருவதே பெரும்பாடு. தலையில் இருந்தது விக். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுத்த ரேடியேஷனில் முடி கொட்டிப்போயிருந்தது. இதெல்லாம் வெளியில் யாருக்கும் தெரியக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அவர் ரேச்சல் கார்சன். டி.டி.டி போன்ற பூச்சிமருந்துகளின் மறுபக்கத்தை உலகத்துக்குச் சொன்னவர். சரி, உடம்பு முடியலைங்கிறதை ஏன் மறைக்கணும்? அதுக்கு அவர் கதையைக் கொஞ்சம் முன்னாடியிருந்து பார்க்கணும்.

1907-ல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்பிரிங்டேல் என்ற சின்ன ஊரில் பிறந்தார் ரேச்சல். வசதியில்லாத குடும்பம். மகளின் காலேஜ் ஃபீஸுக்காக அம்மா பியானோ வகுப்பு எடுத்தார், வீட்டிலிருந்த பீங்கான் பாத்திரங்களையும் விற்றார். 11 வயதிலேயே சிறுவர் பத்திரிகையில் ரேச்சலின் கதை அச்சாகிவிட்டது. எழுத்தாளர் ஆகத்தான் காலேஜில் ஆங்கிலம் எடுத்தார். பாதியில் உயிரியலுக்குத் தாவினார். கடலை முதல்முறையாகப் பார்த்தபோது அவருக்கு 22 வயது.

மாஸ்டர்ஸ் முடித்த கொஞ்ச காலத்தில் அப்பா இறந்தார். அடுத்து அக்கா. அம்மா, அக்காவின் இரண்டு பெண்கள் எல்லோருக்கும் இவர் சம்பளம்தான். அரசின் மீன்வளத் துறையில் வேலை, ராத்திரியில் எழுத்து. 1951-ல் வெளியான கடல் பற்றிய புத்தகம் 86 வாரம் நியூயார்க் டைம்ஸ் பெஸ்ட்செல்லர் பட்டியலில் இருந்தது. வேலையை விட்டுவிட்டு, மேய்ன் மாநிலத்துக் கடலோரத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டார். அப்படியே கடலைப் பற்றி எழுதிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

ஆனால், அந்த நேரத்தில் அமெரிக்கா வேறொரு வேகத்தில் இருந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் புதுப் புது புறநகர்கள், பெரிய பெரிய பண்ணைகள். போரில் டைஃபஸ் பரப்பும் பேன்களை ஒழித்த டி.டி.டி, இப்போது தோட்டம், தெரு, காடு என எல்லா இடத்துக்கும் வந்தது. விமானத்திலிருந்து கொட்டினார்கள். மருந்து லாரிப் புகைக்குப் பின்னால் குழந்தைகள் விளையாடிக்கொண்டே ஓடினார்கள். அதன் பூச்சிக்கொல்லும் திறனைக் கண்டுபிடித்தவருக்கு 1948-ல் நோபல் பரிசே கிடைத்தது. நம்ம ஊரிலும் மலேரியா ஒழிப்புக்காக வீடு வீடாக வந்து அடித்தார்கள். தாத்தா பாட்டியைக் கேட்டுப்பாருங்க, டி.டி.டி பவுடர்னா உடனே தெரியும்.

ரேச்சலுக்கு 1945-லேயே சந்தேகம். அதைப் பற்றி எழுதட்டுமா என்று ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகையைக் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டார்கள். 13 வருஷம் கழித்து, 1958-ல் மாசசூசெட்ஸிலிருந்து ஒரு தோழியின் கடிதம் வந்தது. கொசுவுக்காக விமானத்தில் மருந்து அடித்த பிறகு தன் தோட்டத்துப் பறவைகள் செத்து விழுந்ததை எழுதியிருந்தார். அதற்கு மேல் ரேச்சலால் சும்மா இருக்க முடியவில்லை.

நான்கு வருஷம் தகவல் சேகரித்தார். அதில் எனக்கு ரொம்ப அதிர்ச்சியாக இருந்தது கலிஃபோர்னியாவின் கிளியர் லேக் ஏரிக் கதைதான். அங்கே கொசு மாதிரி ஒரு சின்னப் பூச்சி. கடிக்கக்கூடச் செய்யாது. ஆனால், மீன் பிடிக்கவும் ஓய்வெடுக்கவும் வருகிறவர்களுக்குத் தொல்லை. அவ்ளோதான் அது செய்த குற்றம். அதை ஒழிக்க, டி.டி.டி-யின் நெருங்கிய உறவான டி.டி.டி.டி... இல்லை, 'டி.டி.இ'யும் இல்லை, டி.டி.டி-யைவிட மீனுக்கு ஆபத்து குறைவு என்று நம்பப்பட்ட இன்னொரு ரசாயனத்தைக் கலந்தார்கள். அளவு? 5 கோடி பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு. யாருக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்றுதான் தோன்றும்.

அடுத்த குளிர்காலத்தில் அந்த ஏரியின் முக்குளிப்பான் பறவைகள் நூற்றுக்கும் மேல் செத்தன. தண்ணீரில் இருந்த மருந்தை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொண்டன. அவற்றைச் சின்ன மீன் தின்றது, அதைப் பெரிய மீன் தின்றது, பெரிய மீனைப் பறவை தின்றது. இந்த மருந்து உடம்பிலிருந்து சுலபத்தில் வெளியேறாது, கொழுப்பில் போய்த் தங்கிவிடும். நுண்ணுயிரில் பத்து லட்சத்துக்கு 5 பங்கு என்று இருந்தது, பறவையின் கொழுப்பில் 1,600 பங்கு ஆகியிருந்தது. ஆயிரம் ஜோடிக்கு மேல் கூடு கட்டிய ஏரியில் 1960-ல் மிஞ்சியது சுமார் 30 ஜோடி. பூச்சி? அது திரும்பத் திரும்ப வந்துகொண்டேதான் இருந்தது.

இதை எழுதிக்கொண்டிருந்த 1960-ல்தான் ரேச்சலுக்கு மார்பகத்தில் அறுவை சிகிச்சை. புற்றுநோய் என்பதை டாக்டர் அவரிடம் நேராகச் சொல்லவில்லை. நோய் பரவிய பிறகு வேறு நிபுணரிடம் போய்த்தான் உண்மையைத் தெரிந்துகொண்டார். வீட்டில், அம்மாவை இழந்து தன்னிடம் வளர்ந்த ஒரு சின்னப் பையன் வேறு. கையில் இருக்கும் நேரம் குறைவு என்று புரிந்தது. வெளியில் சொல்லவில்லை. காரணம் இதுதான்: புத்தகத்தில் ரசாயனத்துக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பற்றியும் எழுதியிருந்தார். எழுதியவருக்கே புற்றுநோய் என்று தெரிந்தால், சொந்த வலியில் புலம்புகிறார் என்று ஆதாரங்களை மொத்தமாக ஒதுக்கிவிடுவார்கள்.

அவர் பயந்தது வீண் இல்லை. 1962-ல் 'சைலன்ட் ஸ்பிரிங்' வெளிவரும் முன்பே வெல்சிகால் என்ற ரசாயன நிறுவனம் பதிப்பாளருக்கு மிரட்டல் கடிதம் அனுப்பியது. மான்சான்டோ நிறுவனம் புத்தகத்தைக் கிண்டலடித்துக் கட்டுரை வெளியிட்டது. உணர்ச்சிவசப்படுகிறவர், கம்யூனிஸ்ட், கல்யாணமாகாதவருக்கு அடுத்த தலைமுறையைப் பற்றி என்ன கவலை என்றெல்லாம் பேசினார்கள். ஆணாக இருந்திருந்தால் இதில் பாதி வந்திருக்காது. அதிபர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு 1963 மே மாதம் கொடுத்த அறிக்கை, ரேச்சல் சொன்னதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. அதற்கு அடுத்த மாதம்தான் அந்த செனட் சாட்சியம்.

1964 ஏப்ரல் 14-ம் தேதி இறந்துபோனார். அஸ்தியில் ஒரு பகுதியை அவருக்குப் பிடித்த மேய்ன் கடலோரத்தில் நெருங்கிய தோழி தூவினார்.

1972-ல் அமெரிக்கா விவசாயத்தில் டி.டி.டி-யைத் தடை செய்தது. டி.டி.டி-யால் அழிவின் விளிம்புக்குப் போன அந்நாட்டின் தேசியப் பறவையான வெண்தலைக் கழுகு, 2007-ல் ஆபத்துப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது.

இன்றைக்கும் இணையத்தில் தேடினால், இவரால்தான் மலேரியாவில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள் என்று திட்டுகிறவர்களைப் பார்க்கலாம். அவர் எல்லாப் பூச்சிமருந்தையும் நிறுத்தச் சொன்னதே இல்லை. நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்தியே ஆகணும், ஆனால் கண்டபடி அடித்தால் கொசுவுக்கு எதிர்ப்பு சக்தி வந்து மருந்தே பயனில்லாமல் போகும் என்றுதான் புத்தகத்தில் எச்சரித்தார். அமெரிக்கத் தடையிலும் பொது சுகாதாரத்துக்கு விலக்கு இருந்தது. இந்தியா 1989-ல் விவசாயத்தில் டி.டி.டி-யை நிறுத்தியது. நோய்த் தடுப்புக்காக அதற்குப் பிறகும் பல வருஷம் வீட்டுச் சுவர்களில் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.