அர்ச். மக்ரீனம்மாள்: ஒரு வீட்டின் சரித்திரம்



வீடு மந்திரிக்க வரும்போது பல வீடுகளில் ஒரே காட்சியைக் காண்கிறேன். பாட்டி செபமாலையோடு ஒரு மூலையில், தாய் அடுப்பங்கரையில், பிள்ளைகள் பாடப் புத்தகத்தோடு வேறொரு மூலையில். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டால் எல்லோரும் கோவிலைக் கைகாட்டுகிறார்கள். ஞாயிறு ஒரு மணி நேரத்தில் நானும் உபதேசியாரும் செய்யக்கூடியது எவ்வளவு என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். அதனால் இவ்வாரம் பிரசங்கத்துக்குப் பதிலாக ஒரு வீட்டின் கதையைச் சொல்லுகிறேன்.

ஜனவரி 2-ந் தேதி திருச்சபை கொண்டாடும் அர்ச். பசிலியாரை அறிவீர்கள். திருச்சபையின் வேதபாரகர், செசாரேயா நகர் மேற்றிராணியார், ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் அந்நகருக்கு வெளியே பெரிய தரும நிலையம் எழுப்பியவர். நிசா நகர் மேற்றிராணியாராகிய அர்ச். கிரகோரியார் அவருடைய தம்பி. செபஸ்தே நகர் மேற்றிராணியாராகிய அர்ச். இராயப்பர் கடைசித் தம்பி. இம்மூவருக்கும் மூத்தவள் மக்ரீனம்மாள். அவளுடைய திருநாள் ஜூலை 19. ஒரு தாயின் வயிற்றில் இத்தனை அர்ச்சியசிஷ்டர்கள் பிறந்தது எப்படி என்று கேட்பீர்கள். அதற்குப் பாட்டியிடமிருந்து தொடங்க வேண்டும்.

பாட்டியின் பெயரும் மக்ரீனாவே. இன்றைய துருக்கியின் வடபகுதியில், கருங்கடலை அடுத்த பொந்து நாட்டில் வாழ்ந்தவள். அந்நாட்டுக்கு விசுவாசத்தைக் கொண்டுவந்த அற்புதர் கிரகோரியாரின் வாயிலிருந்து கேட்டவர்களிடம் வேதம் கற்றவள். 4-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமை அரசர் வேதகலாபனை நடத்தியபோது, அவளும் அவள் கணவரும் காட்டுக்குள் ஓடி ஏறக்குறைய 7 ஆண்டுகள் மழையிலும் பனியிலும் ஒளிந்திருந்தார்கள். சொத்து பறிபோயிற்று. விசுவாசம் போகவில்லை. கலாபனை தீர்ந்து வீடு திரும்பியபின் அந்தப் பாட்டி செய்த பெரிய வேலை, பேரப்பிள்ளைகளை மடியில் வைத்து, தான் கேட்டதைச் சொல்லிக்கொடுத்ததுதான். பிற்காலத்தில் சிலர் பசிலியாரின் விசுவாசத்தையே சந்தேகித்துப் பேசியபோது, அவர் தம் கல்வியைச் சாட்சிக்கு இழுக்கவில்லை. சிறு வயதில் தாயிடமும் பாட்டியிடமும் பெற்ற விசுவாசமே தம்மிடம் வளர்ந்து நிற்கிறதென்று எழுதினார்.

மக்ரீனம்மாள் சுமார் 327-ல் பிறந்தாள். பாட்டியின் பெயரே இடப்பட்டது. தந்தை மூத்த பசிலியார், தாய் எமிலியம்மாள். மூன்று மாகாணங்களில் வரி கட்டும் அளவுக்கு நிலபுலமுள்ள குடும்பம். அக்காலத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அஞ்ஞானக் கவிகளின் நாடகங்களைப் பாடமாகப் படிப்பது வழக்கம். எமிலியம்மாள் அதை ஒதுக்கிவிட்டு, சாலொமோனின் ஞானாகமத்திலிருந்து பொறுக்கியெடுத்துச் சொல்லிக்கொடுத்தாள். சங்கீதங்களையோ நாளின் நேரத்தோடு சேர்த்துக் கற்பித்தாள். எழுந்தவுடன் ஒன்று, வேலை தொடங்கும்போது ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், படுக்கப் போகும்போது. பாடம் என்று தனியாக உட்கார வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பன்னிரண்டு வயதில் நிச்சயமான மணவாளன் மரித்தான். வேறு வரன் தேடிய பெற்றோரிடம், அவர் உயிர்த்தெழுதலின் நம்பிக்கையில் வாழ்கிறார், தூரதேசம் போனவருக்கு நான் துரோகம் செய்யலாமா என்ற பொருளில் பதில் சொல்லி, தாயைவிட்டுப் பிரியாமல் கன்னியாக இருந்துவிட்டாள். இத்தனை பணிவிடைக்காரர் இருக்க, தாய்க்குத் தன் கையாலேயே அப்பம் சுட்டுக் கொடுத்தாள்.

இனி, அர்ச்சியசிஷ்டர்கள் பிறக்கும்போதே அப்படிப் பிறந்தார்கள் என்று எண்ணவேண்டாம். பசிலியார் ஆதென்ஸ் பட்டணத்தில் படித்துத் திரும்பியபோது கல்விச் செருக்கு தலைக்கேறியிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் அவர் கண்ணுக்குத் துரும்பு. அவரை இறக்கியது அக்காள்தான். கொஞ்ச காலத்திலேயே அவர் பட்டம் பதவியை விட்டுக் கையால் உழைக்கும் தவ வாழ்வுக்கு வந்தார். ஆனால் ஒன்று: பசிலியாரின் நிருபங்களில் பாட்டியின் பெயர் உண்டு, அக்காளின் பெயரை எங்கும் காணோம். நமக்கு அவள் சரித்திரம் தெரிவதெல்லாம் தம்பி கிரகோரியார் எழுதிவைத்ததால்தான்.

அந்தக் கிரகோரியாரும் லேசுப்பட்டவரல்லர். தாய் நாற்பது வேதசாட்சிகளின் திருநாளைக் கொண்டாட அழைத்தபோது, அரைமனதோடு வந்து, இராச் செபத்துக்குப் போகாமல் தோட்டத்தில் படுத்துறங்கினார். அந்த வேதசாட்சிப் போர்வீரர்கள் கோலோடு தம்மை அடிக்க வருவதாகக் கனவு கண்டு எழுந்து அழுததாக அவரே ஒப்புக்கொள்கிறார். பிள்ளைகளின் குளிர்ந்த பக்தியைப் பார்த்துப் பெருமூச்சுவிடும் தாய்மார் இந்த இடத்தை இரண்டு முறை வாசிக்கலாம்.

கடைசித் தம்பி இராயப்பர் பிறந்த வேளையில் தந்தை மரித்தார். அப்பிள்ளையை மக்ரீனம்மாளே எடுத்து வளர்த்தாள். தகப்பன், ஆசிரியர், தாய் எல்லாம் அவளே. இன்னொரு தம்பி நௌக்ராத்தியுஸ், உலக மேன்மையை விட்டு ஈரிஸ் ஆற்றோரம் தங்கி, வேட்டையாடி ஏழைக் கிழவர்களைப் போஷித்துவந்தான். ஒருநாள் வேட்டைக்குப் போனவனைப் பிணமாகத் தூக்கி வந்தார்கள். செய்தி கேட்ட எமிலியம்மாள் பேச்சு மூச்சின்றி விழுந்தாள். அன்று தாயைத் தாங்கி நிறுத்தினவள் மகள். எவ்வளவு காலம் தாய் மகளுக்குக் கற்பித்தாளோ, அதன்பின் மகளே தாய்க்கு வழிகாட்டினாள்.

அவள் சொல்லைக் கேட்டு எமிலியம்மாள் ஆடம்பரத்தை விட்டாள். வீட்டு அடிமைப் பெண்களைச் சகோதரிகளாக ஏற்றாள். ஒரே பந்தி, ஒரே உணவு, ஒரேவிதமான படுக்கை. (வேலைக்கு வருகிறவளுக்குத் தனித் தம்ளர் வைத்திருக்கும் வீடுகள் நம் பங்கிலும் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன்.) அன்னேசி என்ற அவர்களுடைய பண்ணை இப்படியே கன்னியர் மடமாயிற்று. பஞ்சம் வந்தபோது இராயப்பர் அங்கே கொடுத்த தருமத்தைத் தேடி ஜனங்கள் திரண்டதில், அந்த வனாந்தரம் ஒரு பட்டணம்போல் இருந்ததாம்.

எமிலியம்மாள் மரிக்கும்போது படுக்கையின் இருபுறமும் மூத்த மகளும் கடைக்குட்டி மகனும் நின்றார்கள். இருவர் கையையும் பிடித்து, முதற்பலனாக மகளையும், பத்தாவதாகப் பிறந்தவனைத் தசமபாகமாகவும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்து உயிர்விட்டாள்.

379-ல் பசிலியாரும் போய்ச் சேர்ந்தார். சில மாதம் கழித்துக் கிரகோரியார் பல வருடங்களுக்குப்பின் அக்காளைப் பார்க்க வந்தபோது, அவள் தரையில் ஒரு பலகையின்மேல் காய்ச்சலோடு கிடந்தாள். பசிலியாரை நினைத்து அழுத தம்பியை அவளே தேற்றி, ஆத்துமத்தைப் பற்றியும் மறுவாழ்வைப் பற்றியும் பேசினாள். மறுநாள் மாலை விளக்கேற்றும் வேளையில் செபத்தோடு அடங்கினாள். அடக்கத்துக்கு உடுத்த அவளுக்கென்று நல்ல துணி ஒன்றும் இல்லை. கிரகோரியார் கொடுத்த வஸ்திரத்தின்மேல் தாயின் கருநிறப் போர்வையைப் போர்த்தினார்கள்.

அப்போது உடனிருந்த பெண் அவள் மார்பில் ஊசி குத்தினாற்போன்ற ஒரு சிறு தழும்பைக் காட்டினாள். முன்பு அவ்விடத்தில் ஒரு கட்டி கண்டிருந்தது. வைத்தியரிடம் காட்ட வெட்கப்பட்ட மக்ரீனம்மாள், ஓர் இரவு முழுவதும் செபித்து, பிறகு தாயிடம் அவ்விடத்தில் சிலுவை அடையாளம் வரையும்படி கேட்டாள். தாய் வரைந்தாள்; கட்டி மறைந்தது; அந்தத் தழும்புமட்டும் நின்றது. கூடப்பிறந்த கிரகோரியாருக்கே அது அன்றுவரை தெரியாது.

நாற்பது வேதசாட்சிகளின் கோவிலில், பெற்றோரின் கல்லறையைத் திறந்து, இருவரும் உயிரோடிருக்கையில் வேண்டிக்கொண்டபடியே, அவளைத் தாயின் பக்கத்தில் வைத்தார்கள்.