குருதி வளம் தந்த சுப்பாராவ்

நம் குருதி எங்கே பிறக்கிறது தெரியுமா, தோழியரே? எலும்பு மஜ்ஜையில்தான். அங்குள்ள குருத்தணுக்களிலிருந்து விநாடிக்குச் சுமார் 20 இலட்சம் சிவப்பணுக்கள் தோன்றுகின்றன. அதற்கு இன்றியமையாத ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்து உலகுக்கு அளித்த குழுவின் தலைவர் டாக்டர் எல்லப்பிரகத சுப்பாராவ்.

இவர் 1895 ஜனவரி 12 அன்று, அந்நாளைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். இருமுறை தோற்று, மூன்றாம் முறையே மெட்ரிக்குலேஷன் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது கதர் அணிந்ததால் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

அவர் சகோதரர் இருவர் ஸ்புரூ என்னும் குடல்நோயால் சில நாள் இடைவெளியில் மாண்டனர். உண்ட உணவின் சத்து உடலில் சேராமல், இரத்தசோகையால் வாட்டும் நோய் அது. அதற்கு மருந்து காண வேண்டும் என்ற உறுதி அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

அமெரிக்கா சென்று, இரவில் மருத்துவமனை ஊழியராக வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். 1940-இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். 1945-இல் அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செய்து முடித்தது. ஸ்புரூ நோயாளிகளின் குருதி தேறியது. ஆனால் அவருடைய சகோதரர்களுக்கு அது கிட்டவில்லையே!

அணு இரண்டாகப் பிரிய டி.என்.ஏ. தேவை, அதைக் கட்ட ஃபோலிக் அமிலம் உதவுகிறது. அது குறைந்தால் அணுக்கள் பிரிய இயலாமல் பருத்துப்போகும். எந்த மரபணு விழிக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என டி.என்.ஏ. மீது இடப்படும் மெத்தில் குறிகளுக்கும் இச்சத்து துணைபுரிகிறது.

குருதி வளர்க்கும் சத்தைத் தடுத்தால் குருதிப் புற்றுநோயும் தளருமா? சுப்பாராவ் குழு உருவாக்கிய அமினோப்டெரின் என்னும் எதிர்ச்சத்தை டாக்டர் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேரிடம் நோய் சிலகாலம் தணிந்ததை 1948-இல் வெளியிட்டார். அதன் இனமான மெத்தோட்ரெக்சேட் இன்றும் உயிர் காக்கிறது.

அதே 1948 ஆகஸ்டில், தாயகம் திரும்பாமலே, 53-ஆம் வயதில் சுப்பாராவ் மறைந்தார்.

நம் தருமபுரி மாவட்டத்தில் முருங்கைக்கீரைக்குப் பஞ்சமில்லை. பள்ளியில் வாரந்தோறும் தரும இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையையும் ஒளித்து எறியாமல் விழுங்குவோம். ஒரு தம்பியின் கண்ணீர் அதில் மருந்தாகியிருக்கிறது.