கடுகு வாயுவின் மர்மத்தை அறிந்த அம்மையார்

கப்பலேறிக் கடல் கடந்து அந்தமானுக்குப் பிழைக்க வந்தவர்களுக்கு அன்னிய மண்ணின் சிரமம் தெரியும். ஷார்லட் ஔவர்பாக் அம்மையாரும் அப்படிப் பிழைக்கப் போனவரே.

1899-ல் ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெர்லினில் பள்ளி ஆசிரியை. 1933-ல் ஹிட்லர் ஆட்சி யூதர்களை வேலையிலிருந்து நீக்கியது. அவ்வாண்டே ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரை அடைந்து, 1935-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

எக்ஸ் கதிர்கள் பரம்பரைக் குணத்தை மாற்றும் என்பதை முல்லர் என்ற விஞ்ஞானி 1927-ல் காட்டியிருந்தார். முதல் உலகப் போரில் கொடுமை செய்த கடுகு வாயுவின் புண்ணும், எக்ஸ் கதிர்ப் புண்ணைப் போலவே எளிதில் ஆறுவதில்லை. அப்படியானால் வாயுவும் பரம்பரையைத் தாக்குமோ? 1940-ல் ராப்சன் என்பவருடன் சேர்ந்து, பழ ஈக்களை அவ்வாயுவில் வைத்துச் சோதித்தார். அம்மையாரின் கைகள் வெந்து புண்ணாயின. ஆயினும் விடவில்லை. ஈக்களின் சந்ததியில் மாறுதல்கள் மலிந்திருந்தன. போர் ரகசியம் என்பதால் 1946 வரை இதை வெளியில் சொல்ல அனுமதியில்லை.

காரணம் அப்பொருளின் அமைப்பில் இருக்கிறது. நடுவே ஒரு கந்தக அணு. இருபுறமும் இரு கைகள். கை நுனிகளில் குளோரின். உடலுக்குள் சென்றதும் குளோரின் கழன்றுவிடும். காலியான கை, உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. இழையைப் பற்றிக்கொள்ளும். ஒரு கை பற்றினாலே பரம்பரை எழுத்து பிழையாகலாம். இரு கைகளும் இரு இழைகளைப் பற்றினால் முடிச்சு விழுந்து, உயிரணு பெருக முடியாமல் மடியும்.

இந்த முடிச்சே மருந்துமாயிற்று. கந்தகத்துக்குப் பதில் நைட்ரஜன் வைத்த பொருளை 1942-ல் அமெரிக்காவில் புற்று நோயாளிக்குக் கொடுத்தனர். அவ்வினத்தைச் சேர்ந்த சைக்ளோபாஸ்பமைடு இன்றும் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் வழங்கப்படுகிறது. நோயைத் தாக்கும் அதே கை நல்ல உயிரணுவையும் தாக்கும். ஆகவேதான் நர்சுகள் கையுறையணிந்து அதைக் கையாளுகின்றனர்.

1957-ல் லண்டன் ராயல் சொசைட்டி அம்மையாரை உறுப்பினராக்கியது. 1994-ல் எடின்பரோவிலேயே காலமானார். இந்தியா தன்னிடமிருந்த கடுகு வாயு முழுவதையும் 2009-ல் அழித்து முடித்தது. வேலையிழந்து வந்த ஆசிரியை ஒருவர் கை வெந்து கண்ட உண்மை, இன்று எத்தனையோ பேர் கைகளைக் காத்து நிற்கிறது.