இரும்பு வார்த்த ஆதர் ஹென்டர்சன்

பிரித்தானியத் தொழிற்கட்சியின் சரித்திரத்தைப் படிப்போர் கெயர் ஹார்டியையும் றாம்சே மக்டொனல்டையும் மறவார். ஒருவர் கட்சிக்கு உயிர் கொடுத்தார். மற்றவர் அதன் முதற் பிரதம மந்திரியானார். இவ்விருவரோடும் கூடவே, மேடைப் பேச்சினாற் பிறரை மயக்கத் தெரியாத, கணக்கும் கடிதமும் கூட்டக் குறிப்பும் பார்த்தே காலங்கழித்த வேறொருவர் இருந்தார். கட்சியிலுள்ளோர் அவரை ஆதர் மாமா என்றே அழைத்தனர்.

ஆதர் ஹென்டர்சன் 1863ஆம் ஆண்டு செப்டெம்பர் 13ஆந் திகதி ஸ்கொத்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரில் ஏழைக் குடும்பமொன்றிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். குடும்பம் வட இங்கிலாந்திலுள்ள நியூகாசிலுக்குக் குடிபெயர்ந்தபின், 12 வயதில் றொபேட் ஸ்ரீவன்சன் கம்பனியின் வார்ப்புப் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். நம்மிற் பலர் ஏழாம் வகுப்பிற் புத்தகத்தோடு இருந்த வயது அது. வார்ப்புத் தொழில் எளிதன்று. மரத்தாற் செய்த மாதிரியை ஈர மணலிற் பதித்து, மணலை இறுக்கி, மாதிரியை அசைவின்றி வெளியே எடுத்து, அக்குழியில் உருகிய இரும்பை ஊற்றவேண்டும். ஈரம் கூடினால் ஆவி கிளம்பி இரும்பு சிதறும். குறைந்தால் அச்சு இடிந்துவிடும். பொறுமையில்லாதவனுக்கு அங்கே இடமில்லை.

1879இல் அவர் மெதடிஸ்த மார்க்கத்திற் பற்றுக்கொண்டார். சாதாரண தொழிலாளரையும் பிரசங்கஞ் செய்ய விடுவது அச்சபையின் வழக்கமாதலால், கூட்டத்தில் எழுந்து நின்று பேசும் பழக்கம் அவருக்கு அங்கேயே வந்தது. 1892இல் இரும்பு வார்ப்போர் சங்கம் அவரைச் சம்பளம் பெறும் பிரதிநிதியாக நியமித்தது. தொழிற்சங்கவாதியாயினும் வேலைநிறுத்தத்தை அவர் விரும்பினாரல்லர். அதனால் வரும் பயனிலும் தொழிலாளர் குடும்பங்கள் படும் நட்டமே பெரிதென்று கருதி, முதலாளிமாரோடு பேசித் தீர்க்கவே முயன்றார்.

அக்காலத்தில் தொழிலாளர் லிபரல் கட்சியின் பின்னாலேயே சென்றனர். ஹென்டர்சனும் பார்னாட் காசில் தொகுதியில் லிபரல் அங்கத்தவரின் தேர்தல் முகவராக வேலை பார்த்தார். அவ்வங்கத்தவர் 1903இல் இறந்தபோது, 1900இல் தோன்றிய தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவின் சார்பில் அதே தொகுதியிற் போட்டியிட்டார். தாம் நேற்றுவரை சேவித்த லிபரல் கட்சி அவரை எதிர்த்தது. மும்முனைப் போட்டியில் 47 வாக்குகளால் வென்றார். 1906இல் அக்குழுவே தொழிற்கட்சி என்னும் பெயர் பூண்டது. அதன் செயலாளர் பொறுப்பை இருபதாண்டுகளுக்கு மேல் அவர் சுமந்தார்.

1914இல் உலக யுத்தம் மூண்டது. மக்டொனல்ட் யுத்தத்தை எதிர்த்துத் தலைமைப் பதவியைத் துறந்தார். ஹென்டர்சன் யுத்தத்தை ஆதரித்துத் தலைவரானார். 1915இல் அஸ்குவித்தின் கூட்டரசாங்கத்திற் சேர்ந்து, தொழிற்கட்சியிலிருந்து மந்திரிசபைக்குச் சென்ற முதல்வர் என்னும் பெயர் பெற்றார். இதற்காக அவரைக் குறைகூறுவோர் உண்டு. அக்குறை நியாயமற்றதென்று என்னாற் சொல்ல முடியவில்லை. அவரது மூத்த மகனும் 1916இல் போர்க்களத்தில் மாண்டான்.

1917இல் அவர் இரஷியாவுக்குச் சென்று புரட்சியின் நிலைமையை நேரிற் கண்டார். சமாதானம் நாடிப் பல நாட்டுச் சோஷலிஸ்டுகள் ஸ்ரொக்ஹோம் நகரிற் கூட எண்ணியிருந்த மகாநாட்டுக்குப் பிரித்தானியரும் போகவேண்டுமென்று மனம் மாறித் திரும்பினார். லொயிட் ஜோர்ஜின் யுத்த மந்திரிசபை அவரைப் பற்றி ஆலோசித்தபோது, அச்சபையின் அங்கத்தவராகிய அவரையே கதவுக்கு வெளியே காத்திருக்கச் செய்தது. தமக்கு நேர்ந்த அவமானத்தை அவர் தம் கட்சிக்கு நேர்ந்ததாகவே கொண்டார். ஆகஸ்ட் மாதத்திற் பதவியைத் துறந்தார்.

அதன் பின் அவர் செய்த வேலையே அவர் வாழ்க்கையின் பெரும் வேலை என்பது என் எண்ணம். அதுவரை தொழிற்சங்கமோ சோஷலிஸ்ட் சங்கமோ மூலமாகவன்றித் தனியொருவர் கட்சியிற் சேர வழியில்லை. சிட்னி வெப்போடு சேர்ந்து ஹென்டர்சன் ஆக்கிய 1918ஆம் ஆண்டு யாப்பு, தொகுதி தோறும் கிளைகளை நிறுவி, ஆணும் பெண்ணும் நேரே அங்கத்தவராக வழி செய்தது. (இந்த வெப்தான் பிற்காலத்திற் பாஸ்பீல்ட் பிரபுவாகி, இலங்கைக்கு டொனமூர் அரசியற்றிட்டம் வந்த 1931இல் குடியேற்ற நாட்டு மந்திரியாயிருந்தவர்.) 1918இல் 57 இடங்களைப் பெற்ற கட்சி 1922இல் 142 இடங்களையும் 1923இல் 191 இடங்களையும் பெற்றது. விந்தை என்னவெனில், இம்மூன்று தேர்தல்களிலும் ஹென்டர்சன் தோற்றார்! ஒவ்வொரு முறையும் வேறொரு தொகுதியின் இடைத்தேர்தலிலேயே மீண்டார். தம் வாழ்நாளில் ஐந்து இடைத்தேர்தல்களில் வென்றவர் அவர்.

1924இல் உள்நாட்டு மந்திரியாகவும், 1929 முதல் வெளிநாட்டு மந்திரியாகவும் பணியாற்றினார். சோவியத் நாட்டுடன் இராஜதந்திர உறவை மீட்டதும், றைன் பிரதேசத்திலிருந்து அந்நியப் படைகள் 1930இல் வெளியேற உதவியதும் அவர் காலத்தனவே.

1931இல் பொருளாதார நெருக்கடி வந்தது. வேலையற்றோருக்குக் கொடுத்த உதவிப் பணத்தில் நூற்றுக்குப் பத்துக் குறைக்கவேண்டும் என்றார் மக்டொனல்ட். மந்திரிசபையில் 11 பேர் உடன்பட்டனர். 9 பேர் மறுத்தனர். மறுத்தோருக்கு முன் நின்றவர் ஹென்டர்சன். மக்டொனல்ட் எதிர்க்கட்சியினரோடு தேசிய அரசாங்கம் அமைத்துப் பிரதம மந்திரியாகவே இருந்தார். ஹென்டர்சனோ பதவியை விட்டு, உடைந்த கட்சியின் தலைவரானார். அவ்வாண்டுத் தேர்தலிற் கட்சி ஏறக்குறைய ஐம்பது இடங்களுக்குச் சுருங்கியது. அவரும் தோற்றார்.

அந்நிலையிலேதான், முன்னரே ஒப்புக்கொண்டபடி, 1932 பெப்ரவரியில் ஜெனீவாவிற் கூடிய ஆயுதக் குறைப்பு மகாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அன்று அவர் மந்திரியுமல்லர், பாராளுமன்ற அங்கத்தவருமல்லர், உடல்நலமும் குன்றியிருந்தது. ஷாங்காயில் ஜப்பானியர் குண்டு பொழிந்தமை குறித்துச் சர்வதேச சங்கம் அவசரமாகக் கூடியதனால் மகாநாட்டின் ஆரம்பமே தாமதித்தது. 1933 அக்டோபரில் ஜேர்மனி வெளியேறியது. வல்லரசுகள் ஒவ்வொன்றாக மனந்தளர்ந்த பின்னும் அவர் அப்பணியைக் கைவிடவில்லை. 1934ஆம் ஆண்டுக்குரிய சமாதான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

1935ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆந் திகதி இலண்டனில் அவர் காலமானார். இத்தாலிப் படைகள் அபிசீனியாவுட் புகுந்து அன்றைக்குப் பதினேழு நாட்களாகியிருந்தன.