வெள்ளி இல்லாத வெள்ளி உருக்கு: ஃபாரடே செய்த சவரக்கத்திகள்

பழைய மடக்குச் சவரக்கத்தி சேர்க்கணும்னு உங்களுக்கு ஒரு ஆசை வந்தால், முதல் வாரத்திலேயே ஒரு முத்திரை கண்ணில் படும். பிளேடு மேலேயோ, கைப்பிடிக்குள் மடங்கும் அடிப்பகுதியிலேயோ ஆங்கிலத்தில் 'சில்வர் ஸ்டீல்' என்று பொறித்திருப்பார்கள். வெள்ளி கலந்த உருக்கு என்று அர்த்தம். விற்பவரும் அதைக் காட்டித்தான் விலையை ஏற்றுவார். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்தான். இண்டக்‌ஷன் விதியைப் படிக்காமல் நம்மில் யாரும் முதல் வருஷம் தாண்டியிருக்க மாட்டோம். அதே மைக்கேல் ஃபாரடே.

மின்சாரத்தில் அவர் செய்ததைப் பாடப்புத்தகம் சொல்லும். அதற்கு முன்னால் ஐந்து வருஷத்துக்கு மேல் உலைக்கு முன்னால் நின்று உருக்கு காய்ச்சினார் என்பதை அது சொல்லாது. காரணம் எளிது. அந்த வேலை எதிர்பார்த்த பலனைக் கொடுக்கவில்லை.

ஃபாரடே 1791 செப்டம்பர் 22 அன்று லண்டன் அருகே பிறந்தார். அப்பா இரும்படிக்கும் கொல்லர், அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகிறவர். வீட்டில் அவ்வளவு கஷ்டம். ஒரு ரொட்டியை வாரம் முழுக்க வைத்துச் சாப்பிட்ட காலமும் உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்ததோடு பள்ளிக்கூடம் முடிந்தது. 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் ஏழு வருஷத்துக்குத் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றார்.

1812-ல் கடை வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த டிக்கெட்டில், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கப் போனார். கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, படம் வரைந்து, தானே அழகாக பைண்ட் பண்ணி டேவிக்கே அனுப்பினார். அடுத்த வருஷம் அங்கிருந்த உதவியாளர் அடிதடியில் வேலை இழக்க, 1813 மார்ச்சில் ஃபாரடே அந்த இடத்துக்கு வந்தார். சம்பளம் வாரம் 25 ஷில்லிங், தங்க மாடியில் இரண்டு அறை. டிகிரி கிடையாது, பெரிய கணக்கும் தெரியாது. கையும் கண்ணும் மட்டும் அபாரம்.

இப்போ கத்திக்கு வருவோம். லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்றொருவர் கடை வைத்திருந்தார். அறுவை சிகிச்சைக் கருவியும் கத்தியும் செய்பவர். 1790-களில் இந்தியாவிலிருந்து 'ஊட்ஸ்' என்ற உருக்குக் கட்டிகள் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. அதில் ஒரு துண்டு ஸ்டோடார்ட் கைக்கு வந்தது. அடித்துப் பார்த்தார், கத்தி செய்தார், அசந்துபோனார். கடை விளம்பரத்திலேயே ஊட்ஸ் பெயரைப் போடும் அளவுக்கு அதன்மேல் பிரியம் வந்துவிட்டது.

ஊட்ஸ் நமக்கு அந்நியம் இல்லை. கன்னடத்தில் 'உக்கு', நம்மிடம் 'உருக்கு'. அந்தச் சொல்தான் ஆங்கிலேயர் வாயில் ஊட்ஸ் ஆனது என்பது பொதுவான கருத்து. களிமண் மூசையில் இரும்பையும் கரி தரும் மரத்துண்டு, இலைகளையும் போட்டு மூடி, பல மணி நேரம் காய்ச்சி எடுக்கும் உருக்கு இது. சேலம், திருச்சி வட்டாரக் கொல்லர்களும் இதைச் செய்தார்கள். ஃபாரடே கையில் கிடைத்த கட்டி எந்த ஊரில் காய்ச்சியதாக இருந்தாலும், கேள்வி ஒன்றுதான். எழுத்தில் எதையும் வைக்காத கொல்லர்கள் செய்ததை லண்டன் லேபில் ஏன் செய்ய முடியவில்லை?

ஸ்டோடார்டும் ஃபாரடேயும் சேர்ந்து 1818 வாக்கில் இதில் இறங்கினார்கள். 1819-ல் ஃபாரடே ஊட்ஸைப் பகுப்பாய்வு செய்து கட்டுரை வெளியிட்டார். ஊட்ஸின் ரகசியம் அதில் இருக்கும் அலுமினிய மண்ணில்தான் இருக்கிறது என்பது அவர் முடிவு. அது தப்பு. பிறகு சோதித்தவர்களுக்கு அந்த அலுமினியம் கிடைக்கவே இல்லை. உண்மையான காரணம் கார்பன். ஊட்ஸில் அது ஏறக்குறைய 1.5 சதவீதம் இருக்கும். மெதுவாக ஆறும்போதும் அடித்து வளைக்கும்போதும் அந்தக் கார்பன் இரும்போடு சேர்ந்து கார்பைடாகப் பிரிந்து நிற்கும். அந்த அலையலையான கோலமும், கூர்மையும் அதனால்தான்.

ஆனால் அந்தத் தப்பான முடிவு ஒரு நல்ல கேள்வியைக் கிளப்பியது. இன்னொரு தனிமம் சேர்ந்தால் உருக்கு மாறும் என்றால், மற்றதையும் சேர்த்துப் பார்த்தால் என்ன? ராயல் இன்ஸ்டிடியூஷன் அடித்தளத்தில் காற்று ஊதும் உலை வைத்து ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். வெள்ளி, தங்கம், பிளாட்டினம், பல்லேடியம், நிக்கல், செம்பு, வெள்ளீயம், குரோமியம். ரோடியம் கண்டுபிடித்த வொல்லாஸ்டனே ரோடியமும் கொடுத்து உதவினார். 1820-ல் ஒரு கட்டுரை, 1822-ல் ராயல் சொசைட்டி இதழில் இன்னொன்று.

வெள்ளிச் சோதனை சுவாரசியமானது. கொஞ்சம் அதிகமாகச் சேர்த்தால் உருக்கு ஆறும்போது வெள்ளி தனியாகப் பிரிந்து, பனித்துளி மாதிரி மேலே முத்து முத்தாக வந்து நின்றது. குறைத்துக்கொண்டே போய், 500 பங்கு உருக்குக்கு ஒரு பங்கு வெள்ளி என்ற அளவில் நிறுத்தினார்கள். 50 கிராம் பிளேடு என்றால் அதில் வெள்ளி 0.1 கிராம்தான். சாதாரண வார்ப்பு உருக்கைவிட இது கடினமாக இருக்கிறது, விலையும் கட்டுப்படியாகும் என்று அறிவித்தார்கள். ரோடியம் கலந்த உருக்கு இன்னும் பிரமாதம் என்றார்கள். ஆனால் அந்த விலைக்கு யார் சவரம் பண்ணிக்கொள்வார்கள்? தன் உருக்கில் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார்.

சவரக்கத்தியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கு. விளிம்பு கொஞ்சம் மொரமொரப்பாக இருந்தால் உடைந்து பல் விழும், மெத்தென்று இருந்தால் மடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் உருக்கு எது என்பதை ஒரு கன்னம் உடனே சொல்லிவிடும்.

ஷெஃபீல்டு கத்தித் தொழிற்சாலைகள் 'வெள்ளி உருக்கு' என்ற பெயரைப் பிடித்துக்கொண்டன. முதலில் சிலர் நிஜமாகவே கலந்து பார்த்தார்கள். பிறகு வெள்ளி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது. ஆகவே நீங்கள் வாங்கப்போகும் 'சில்வர் ஸ்டீல்' கத்தியில் பெரும்பாலும் ஒரு துளி வெள்ளியும் இருக்காது. இன்றும் ஒர்க்‌ஷாப்பில் சில்வர் ஸ்டீல் என்று கம்பி கிடைக்கும், பளபளப்புக்காக வந்த பெயர் மட்டுமே அது. முத்திரைக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். விளிம்பில் விரிசல் இருக்கிறதா, சாணை பிடித்துப் பிடித்து அகலம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா, கைப்பிடிக்குள் துரு ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபாரடே காலத்துப் பிளேடு ஆப்பு மாதிரி தடித்திருக்கும். பக்கங்கள் குழிவாகக் கடைந்த மெல்லிய பிளேடு என்றால் அது பெரும்பாலும் பிந்தையது. நாட்டின் பெயர் பொறித்திருந்தால் அநேகமாக 1891-க்குப் பிறகு செய்தது. அந்த வருஷம்தான் அமெரிக்கா, இறக்குமதிப் பொருளில் நாட்டுப் பெயர் வேண்டும் என்ற விதியை அமலாக்கியது. இன்னொன்று, யானைத் தந்தக் கைப்பிடி பக்கமே போகாதீர்கள். இந்தியாவில் தந்த வியாபாரம் சட்டப்படி குற்றம்.

ஸ்டோடார்ட் 1823-ல் இறந்தார். கூட இருந்த கைத்தொழிலாளி போனதும் உருக்கு வேலையும் அடுத்த வருஷத்தோடு நின்றது. தொழிற்சாலைக்கு உடனே உதவுகிற ஓர் உருக்கும் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் குரோமியத்தை 1 சதவீதமும் 3 சதவீதமும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். துருப்பிடிக்காத உருக்குக்குக் குறைந்தது 10 சதவீதத்துக்கு மேல் வேண்டும். 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி ஏறக்குறைய 13 சதவீதத்தில் அதைத் தொட்டார்.

ஃபாரடே உட்கார்ந்து அழவில்லை. 1821-லேயே மின்சாரத்தால் ஒரு கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழலவைத்திருந்தார். 1825-ல் பென்சீன். 1831 ஆகஸ்ட் 29 அன்று ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள் சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தைப் போட்டு நிறுத்தும்போது மற்றொன்றில் முள் அசைவதைப் பார்த்தார். நம் டிரான்ஸ்ஃபார்மரின் தாத்தா அந்த வளையம். சர் பட்டத்தையும் ராயல் சொசைட்டி தலைவர் பதவியையும் வேண்டாம் என்றார். 1867 ஆகஸ்ட் 25 அன்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலமானார்.

அவர் போன பிறகும் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஒரு மரப்பெட்டி கிடந்தது. உள்ளே 79 உருக்குத் துண்டுகள். அந்த உருக்குச் சோதனைகள் நடந்து நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, மாங்கனீஸ் உருக்கைக் கண்டுபிடித்த ராபர்ட் ஹாட்ஃபீல்டு அதைத் திறந்து, நவீனக் கருவிகளால் சோதித்து, 1931-ல் புத்தகமாக வெளியிட்டார். பிளாட்டினமும் ரோடியமும் உள்ளேயே இருந்தன. அலாய் உருக்கை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளில் ஃபாரடேயும் ஒருவர் என்று ஹாட்ஃபீல்டு நிறுவினார். பலன் வராத சோதனையின் மிச்சத்தை யாரோ தூக்கிப் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதனால் முதல் கத்தி வாங்கிய அன்றே ஒரு நோட்டு போடுங்கள். வாங்கிய தேதி, விலை, அகலம், முத்திரையில் உள்ள ஒவ்வோர் எழுத்து, துரு எங்கே எவ்வளவு, எல்லாம் எழுதுங்கள். போலி, உடைசல் என்று தெரியவந்தாலும் அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். ஓடாமல் போன உங்கள் புராஜெக்டின் ரீடிங்குகளையும் அதே மாதிரி வைத்திருங்கள்.